599 யூரோ போன்: ‘ஏமாளி’ என்றவருக்கு

கால்வாய்க்கரை (உத்ரெக்ட், நெதர்லாந்து), காலை 7.40

நேற்று வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: “ஃபேர்போன் வாங்குகிறவன் ஏமாளி. 250 யூரோ செட்டுக்கு 599 கொடுத்துவிட்டு, மிச்சத்தை மனச்சாட்சிக் கணக்கில் எழுதிக்கொள்கிறான்.” படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை. தெரியாதவர்களுக்கு: ஃபேர்போன் ஆம்ஸ்டர்டாம் நிறுவனம், நாமே பிரித்துப் பழுது பார்க்கும்படி போன் செய்கிறது. அவர் சொல்லும் 599, அதன் ஆறாம் தலைமுறை மாடல் வெளியானபோது இருந்த விலை.

என் முதல் ஃபேர்போன், இரண்டாம் மாடல். 2015 டிசம்பரில் வெளியானது. அதற்குக் கடைசிப் புதுப்பிப்பு வந்தது 2023 மார்ச்சில். சிப் செய்த நிறுவனமே கைகழுவிய பிறகும் ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து ஏழு வருஷம் இழுத்துப் பிடித்தார்கள். இப்போது என் கையில் இருப்பது 2023இல் 699 யூரோவுக்கு வாங்கிய ஃபேர்போன் 5. அதற்கு 2031 வரை மென்பொருள் தருவதாக வாக்கு.

போன மாதம் மகள் மாடிப்படியில் போட்டு உடைத்துவிட்டாள். திரை 100 யூரோவுக்குள் தபாலில் வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து, பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியைத் தூக்கி, ஸ்க்ரூக்களைக் காபித் தட்டில் போட்டு, இருபது நிமிடத்தில் மாற்றினோம். பாதி ஸ்க்ரூவை முடுக்கியது மகள்தான். அவளுக்குப் பதினோரு வயது. இதுவா ஏமாளித்தனம்?

பட்டறை (சென்னை), காலை 8.15

‘ஏமாளி’ என்று எழுதியது நான்தான். பெயர் போட்டே கேட்டிருக்கலாம்.

ஒரே கேள்வி. ஜாக் எங்கே?

2019இல் வந்த ஃபேர்போன் 3இல் 3.5 மி.மீ. இயர்போன் ஜாக் இருந்தது. 2021இல் நாலாவது மாடலில் எடுத்துவிட்டார்கள். அஞ்சிலும் இல்லை, 2025இல் வந்த ஆறாம் தலைமுறையிலும் இல்லை. ஜாக்கை எடுத்த அதே சமயத்தில் வயர் இல்லாத இயர்பட்ஸ் ஒன்றையும் விற்க ஆரம்பித்தார்கள்.

ரிச்சி தெரு பக்கம் பதினாலு வருஷமாக செட் பிரித்து மாட்டுகிறேன். என் மேசைக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் நிறைய செத்த இயர்பட்ஸ். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எல்லாக் கம்பெனியும்தான். உள்ளே பட்டாணி அளவு பேட்டரி, மேலே பசை. திறந்தால் ஓடு நொறுங்கும். “பார்த்துக் கொடுங்கண்ணே” என்று கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. குப்பையைக் குறைக்கிறேன் என்று கடை திறந்தவன் இந்தக் குப்பையை விற்றானா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கால்வாய்க்கரை, காலை 8.52

பட்டறை அண்ணா, எட்டு வருஷ உழைப்பைப் பற்றிப் பேசினால் நீங்கள் ஒரு துளையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஜாக்கை எடுத்தது தண்ணீர் புகாமல் இருக்க, இடம் மிச்சம் பிடிக்க. வயர்தான் வேண்டுமென்றால் டைப்-சி அடாப்டர் இருக்கிறது. 2024இல் ஃபேர்பட்ஸ் என்று அவர்களுடைய இயர்பட்ஸ் வந்தது. காதில் வைப்பதற்குள் இருக்கும் குட்டி பேட்டரியையும், பெட்டியில் இருப்பதையும் நாமே மாற்றலாம். உங்கள் பிஸ்கட் டப்பாவுக்குப் பதில் அதுதான்.

பட்டறை, காலை 9.05

அந்தப் பட்ஸ் விலையையும் சேர்த்து எழுதுங்கள். 149 யூரோ. போனிலிருந்து ஜாக்கை எடுத்துவிட்டு, காதுக்கு 149 யூரோ பில். நாலாவது மாடல் வந்தது 2021, இந்தப் பட்ஸ் 2024. நடுவில் மூன்று வருஷம் வாங்கினவன் என்ன செய்தான்?

இன்னொன்று. சார்ஜ் போட்டுக்கொண்டே அடாப்டரில் பாட்டுக் கேட்க முடியுமா? ஒரே ஓட்டைக்கு இரண்டு வேலை. நாளுக்குப் பத்து முறை செருகிப் பிடுங்கினால் அந்த ஓட்டைதான் முதலில் ஆடும். என் கடைக்கு வரும் செட்டில் பாதி ‘சார்ஜ் ஏறலண்ணே’தான்.

கால்வாய்க்கரை, காலை 9.20

ஆடினால் அந்தப் பாகத்தை மட்டும் 20 யூரோ அளவில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். மற்ற போனில் சார்ஜிங் போர்டு மாற்ற உங்களைப் போன்றவர் கடைக்கு ஓட வேண்டும். கோபத்துக்குக் காரணம் அதுதானோ?

பட்டறை, காலை 9.31

என் பிழைப்பை இழுக்காதீர்கள். உங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்கு வாங்கும் கூலியில் நான் ஐந்து செட் முடிப்பேன். பழுது பார்ப்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

எங்கள் தெருவில் பழுது பார்க்க முடியாத போன் என்று ஒன்று கிடையாது. பசை போட்டு ஒட்டியிருந்தால் ஹீட் கன், மெல்லிய பிளேட், கொஞ்சம் ஆல்கஹால். காம்போ (திரையும் டச்சும் சேர்ந்த பாகம்) உடைந்தால் பக்கத்துக் கடையில் காம்போ. பாகம் கையில் கிடைக்கிறதா, மாட்டத் தெரிந்த ஆள் இருக்கிறானா, பழுது பார்க்கிறதுக்கு இந்த இரண்டும்தான் வேண்டும். உங்கள் ஃபேர்போனுக்கு இந்தியாவில் விற்பனையே இல்லை. ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாலும் திரை எங்கிருந்து வரும்? நான் என்ன ஆம்ஸ்டர்டாமுக்கு ஆட்டோவா பிடிப்பேன்?

ஜாக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கணக்குப்பிள்ளை, காலை 10.10

இருவரும் பொறுங்கள். 599 தகுமா என்பதுதானே சண்டை? ‘தகும்’ என்றால் யாருக்கு, எதற்குத் தகும்? பணத்துக்கா, உழைப்பாளிக்கா, மண்ணுக்கா? ‘நியாயமான போன்’ என்பது சுரங்கத்தில் தொடங்கி எதுவரை? அதை முதலில் முடிவு செய்தால் ஜாக் அதில் எங்கே வரும் என்று பார்க்கலாம்.

பட்டறை, காலை 10.14

ஜாக் மேல் பக்கம் வரும். இடது மூலையில்.

செஞ்சொல், காலை 10.40

ஒரு வேண்டுகோள். செட், போன், ஜாக், ஸ்க்ரூ, காம்போ. தமிழ்க் களத்தில் இத்தனை பிறமொழிச் சொல் தேவையா? திறன்பேசி, திருகாணி, செவிக்கருவித் துளை என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

பட்டறை, காலை 10.47

எனக்குப் புரியும் ஐயா. கடைப்பையனிடம் “செவிக்கருவித் துளை ஒன்று எடு” என்றால் அவன் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவான். கிரைண்டர் இழையிலும் இப்படித்தான் நடுவில் வந்தீர்கள். நான் மோட்டார் வைண்டிங் பற்றி எழுதியதை விட்டுவிட்டு ‘சுருணை’ என்று நாலு நாள் ஓட்டினீர்கள். அந்த இழை அதோடு போனது. மறக்கவில்லை.

செஞ்சொல், காலை 10.55

சுருணை சரியான சொல்தான். இன்றைக்கும் சொல்வேன்.

பனங்கிழங்கு (டோர்ட்முண்ட், ஜெர்மனி), காலை 11.30

நான் ஃபேர்போன் 3 பாவிக்கிறேன். ஜாக் உள்ளது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணித்தியாலம் கதைப்பேன். வயர் காதில், சார்ஜ் வயர் கீழே. ஆகவே பட்டறை அண்ணை சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. எடுத்தது பிழைதான்.

ஆனால் காலையில் இருந்து ஒரு ஓட்டையைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உலகத்துக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் கொங்கோவில் இருந்து வருகிறது. அதில் ஒரு பங்கைக் கையால் தோண்டுகிறார்கள், பிள்ளைகள் உட்பட. சாக்கில் கட்டி முதுகில் சுமக்கிறார்கள். எங்கள் எல்லோருடைய பேட்டரிக்குள்ளும் அது இருக்கக்கூடும். இந்தக் கொம்பனி தொடங்கியதே போன் விற்பதற்கு இல்லை. 2010இல் கொங்கோ சுரங்கங்களைப் பற்றி ஆட்களுக்குச் சொல்லும் பிரசாரமாகத் தொடங்கி, 2013இல்தான் போன் செய்ய வந்தார்கள். ஃபேர்ட்ரேட் (நியாய வணிகச் சான்று பெற்ற) தங்கத்தைப் போனுக்குள் முதலில் கொண்டுவந்ததும் அவர்கள்தான். 599இல் அதற்கும் காசு இருக்கிறது. போரும் காசும் ஒன்றாகப் போனால் ஊர் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கால்வாய்க்கரை, காலை 11.44

நன்றி அக்கா. இதைத்தான் சொல்ல வந்தேன்.

பட்டறை, பகல் 12.02

தங்கச்சி, கொங்கோ பிள்ளைகளுக்காக நானும்தான் வருத்தப்படுகிறேன். அதனால்தான் கேட்கிறேன். ஒரு ஜோடி இயர்பட்ஸில் மூன்று பேட்டரி. காதுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. வயர் இயர்போனில் பேட்டரியே கிடையாது, கோபால்ட்டும் கிடையாது. ஜாக்கை எடுத்தவன் கோபால்ட்டைக் கூட்டினானா குறைத்தானா? இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

நீங்களே ஜாக் இருக்கிற மூணாவது மாடலைத்தானே வைத்திருக்கிறீர்கள்!

பனங்கிழங்கு, பகல் 12.20

அது நல்லாய் வேலை செய்வதால் வைத்திருக்கிறேன். ஜாக்குக்காக இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு தடவை பேட்டரி மாற்றினேன், அவ்வளவும்தான். நீங்கள் சொல்வது எல்லாம் கடைசியில் அந்த ஓட்டையில் போய் விழுகிறது.

கணக்குப்பிள்ளை, பகல் 1.05

யாரும் என் கேள்வியைத் தொடாததால் பணக்கணக்கையாவது போடுகிறேன். ஆறாம் தலைமுறை 599. எட்டு வருஷத்தில் ஒரு பேட்டரி 40, ஒரு திரை 90 என்று வையுங்கள். மொத்தம் 729. வருஷத்துக்கு 91 யூரோ. சாதாரண 250 யூரோ போனை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் வருஷத்துக்கு 83. வித்தியாசம் எட்டு யூரோ. ஒரு வருஷத்துக்கு இரண்டு பிரியாணி.

கால்வாய்க்கரை, பகல் 1.15

பார்த்தீர்களா? எட்டு யூரோவுக்காகவா ஏமாளிப் பட்டம்?

பட்டறை, பகல் 1.26

கணக்கு தப்பு. 250 யூரோ போனை ஏன் மூன்று வருஷத்தில் தூக்கிப் போட வேண்டும்? என்னிடம் கொடுத்தால் பேட்டரி மாற்றி ஆறு வருஷம் ஓட்டித் தருவேன். அப்போது வருஷத்துக்கு 50கூட வராது. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் இன்னும் குறையும், பூமிக்கும் புதுச் சுமை இல்லை. நல்ல மனசு இருக்கிறவன் புதுப் போனே வாங்கக் கூடாது. அதுவும் ஜாக் இல்லாத புதுப் போன்!

கால்வாய்க்கரை, பகல் 1.40

பேட்டரி மாற்றலாம், பாதுகாப்புப் புதுப்பிப்பை ஹீட் கன்னால் ஏற்ற முடியுமா? வங்கிச் செயலி ஓடாத போனை வைத்து என்ன செய்வது? ஃபேர்போன் 5க்கு ஆலைக் கருவிகளுக்கான சிப்பைத் தேடிப் போட்டதே அந்தச் சிப்புக்கு நீண்ட காலம் ஆதரவு உண்டு என்பதால்தான்.

பட்டறை, பகல் 1.52

அந்த விஷயத்தில் அவர்கள் மட்டும் ராஜா இல்லை. கூகிள் பிக்சல் 8க்கு 2023லேயே ஏழு வருஷம் என்றது. அடுத்த வருஷம் சாம்சங் எஸ்24க்கு ஏழு என்றது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20இலிருந்து சட்டமே வந்துவிட்டது. விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் உதிரிபாகம் கொடுக்க வேண்டும், ஐந்து வருஷம் புதுப்பிப்பு கொடுக்க வேண்டும். அப்புறம் 599 எதற்கு?

அவர்களுடைய முதல் போன் என்ன ஆனது, அதையும் சொல்லுங்கள். 2013இலிருந்து 325 யூரோ அளவில் 60,000 பேரிடம் விற்றார்கள். 2017இல் உதிரிபாகமும் இல்லை, மென்பொருளும் இல்லை என்று கை விரித்தார்கள். பழுது பார்க்கலாம் என்று நம்பி வாங்கினவன் நாலு வருஷத்தில் நடுத்தெருவில். முதலில் வாக்குப் போனது, அப்புறம் ஜாக் போனது. ஆறாவதில் பேட்டரிக்கும் ஸ்க்ரூ போட்டுவிட்டார்கள். அஞ்சில் நகத்தால் தூக்கினீர்களே, இதில் தூக்கிப் பாருங்கள்.

கால்வாய்க்கரை, பகல் 2.03

ஒரே டி5 (சிறிய நட்சத்திர முனை) ஸ்க்ரூடிரைவர் போதும், பன்னிரண்டு பாகத்தையும் கழற்றலாம். முதல் போனில் தவறினார்கள், அதை மறைக்கவில்லை. அடுத்ததில் ஏழு வருஷம் கொடுத்தார்கள். அதைச் சொல்ல மட்டும் உங்களுக்கு வாய் வராது.

பட்டறை, பகல் 2.06

டி5 தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் இருக்கிறது?

கால்வாய்க்கரை, பகல் 2.08

அங்கேதான் விற்பனையே இல்லை என்றீர்கள். அப்புறம் எதற்குத் தமிழ்நாட்டு வீடு?

செஞ்சொல், பகல் 2.30

பனங்கிழங்கு அவர்களின் ‘பாவிக்கிறேன்’ பற்றி ஒரு சொல். ‘பயன்படுத்துகிறேன்’ என்பதே பொது வழக்கு.

பனங்கிழங்கு, பகல் 2.41

ஐயா, உங்களுக்குப் பொது வழக்கு என்றால் சென்னை வழக்கு. எங்கள் ஊரில் பிறந்ததில் இருந்து பாவிக்கிறோம், இனியும் பாவிப்போம். போனைத் திருத்துகிறோம் என்றும் சொல்லுவோம். அதையும் திருத்த வராதீர்கள்.

ஒரகடம் ஷிப்ட், மாலை 4.50

வணக்கம். நான் எழுதுகிறவள் இல்லை, படிக்கிறவள். டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது எல்லாம் படித்தேன்.

நான் மூன்று வருஷம் போன் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். என் ஸ்டேஷனில் ஒரே வேலைதான். கேமரா மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிமை உரித்து, வயர் முனையைச் சொடுக்கி, அடுத்த தட்டுக்குத் தள்ள வேண்டும். எட்டு மணி நேரமும் அதுதான். பாத்ரூம் போக லைன் லீடரிடம் கேட்க வேண்டும். இடத்தில் நிற்க மாற்று ஆள் வந்தால்தான் போகலாம். அவள் வராவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் ஷிப்டுக்கு வருகிற பெண்கள் இருந்தார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடுதிச் சாப்பாடு சேராமல் நிறைய பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மற்ற பெண்கள் பெங்களூர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஞாபகம் இருக்கும்.

நீங்கள் சொல்லும் போனைச் செய்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? மாற்று ஆளாவது வருமா? அதை யாராவது சொன்னால் தேவலை.

கால்வாய்க்கரை, மாலை 5.15

சொல்கிறேன் தங்கச்சி. சீனாவில் கடைசி அசெம்பிளி செய்யும் ஆலையில், சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்கும் குடும்பம் நடத்தத் தேவையான கூலிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை அடைக்க, 2019இலிருந்து தனி போனஸ் கொடுக்கிறார்கள். ஒரு போனுக்கு இரண்டு யூரோவுக்குள்தான் ஆகிறது. மற்ற பெரிய கம்பெனிகள் இதைக்கூடச் செய்வதில்லை என்பதுதான் வெட்கம்.

பட்டறை, மாலை 5.22

இரண்டு யூரோ! 599இல் இரண்டு! வாயால் சொல்லிவிட்டீர்கள். மிச்சம் 597 எங்கே போகிறது?

கால்வாய்க்கரை, மாலை 5.30

திரித்துப் பேசாதீர்கள். அது சம்பளத்துக்கு மேல் கொடுக்கும் போனஸ், மொத்தக் கூலி இல்லை. கோடிக்கணக்கில் போன் விற்கிறவனுக்குச் சிப்பும் திரையும் மலிவாகக் கிடைக்கும். இவர்கள் விற்பது கொஞ்சம், அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் விலை கூடும். எட்டு வருஷம் மென்பொருள் எழுதுகிறவனுக்குச் சம்பளம், எட்டு வருஷம் உதிரிபாகத்தைக் கிடங்கில் வைக்கச் செலவு. முழுக்க நியாயமான போன் என்று அவர்களே சொல்லிக்கொள்வதில்லை.

பட்டறை, மாலை 5.41

அந்தத் தங்கச்சி கேட்டதற்கு இரண்டு யூரோ என்று பதில் சொல்லிவிட்டீர்கள், சரி. நான் காலையிலிருந்து கேட்பதற்கு? ஒரு ஜாக் என்ன விலை தெரியுமா? மொத்தமாக வாங்கினால் பத்து ரூபாய்க்குள் முடியும். 599 யூரோ போனில் பத்து ரூபாய் ஜாக்கை மிச்சம் பிடித்தவன் நியாயத்தைப் பற்றி எனக்குச் சொல்லக் கூடாது.

ஒரகடம் ஷிப்ட், மாலை 5.58

அண்ணா, நான் ஜாக்கைப் பற்றிக் கேட்கவில்லை. மாற்று ஆள் பற்றிக் கேட்டேன். அந்த ஆலையில் பாத்ரூம் போக ஆள் வருமா?

செஞ்சொல், மாலை 6.10

‘கழிவறை’ என்று எழுதலாம் அம்மா.

பனங்கிழங்கு, மாலை 6.12

ஐயா, தயவுசெய்து இதில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

மட்டுறுத்துநர், மாலை 6.30

மொழி பற்றிய பதிவுகளைச் சொல்லாய்வுப் பகுதிக்கு நகர்த்தப்போகிறேன். கிரைண்டர் இழையைப் பற்றி இங்கே மேலும் எழுத வேண்டாம்.

பட்டறை, இரவு 8.47

கடை சாத்தும் நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். ஏழு வருஷப் பழைய செட், ஜாக்கில் ஒரு பக்கம்தான் சத்தம் வருகிறது என்றார். திறந்தால் உள்ளே சட்டைப் பை நூல் உருண்டையாக அடைந்திருந்தது. ஊசியால் எடுத்து, ஆல்கஹாலில் துடைத்து, அசைந்த காலுக்கு ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். பன்னிரண்டு நிமிடம், நூற்றைம்பது ரூபாய். இரண்டு காதிலும் பாட்டு வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பேத்தி வாங்கிக் கொடுத்த இயர்பட்ஸ் வீட்டில் சும்மா கிடக்கிறதாம், அதை யார் தினமும் சார்ஜ் போடுவது என்றார்.

உத்ரெக்ட் சார், அந்தப் பெரியவருக்கு உங்கள் 599 யூரோ போனில் என்ன இருக்கிறது?

கால்வாய்க்கரை, இரவு 9.05

அவருக்கு அந்தப் பழைய போனே போதும். அதை நான் எப்போது மறுத்தேன்? புதிதாக வாங்க வேண்டிய நிலையில் இருப்பவன் எதை வாங்குவது என்பதுதான் பேச்சு. ‘ஏமாளி’ என்ற சொல்லை இன்னும் நீங்கள் திரும்பப் பெறவில்லை.

பட்டறை, இரவு 9.09

ஜாக் திரும்பி வரட்டும், சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஒரகடம் ஷிப்ட், இரவு 9.40

யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நாளை முதல் ஷிப்ட், தூங்கப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை, இரவு 10.15

பட்டறை சொன்னபடி 250 யூரோ போனை ஆறு வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். பேட்டரி மாற்றும் செலவு ஐரோப்பியக் கடைக் கூலியில் என்றால் வருஷத்துக்கு 50க்குள் நிற்காது. சென்னைக் கூலி என்றால் நிற்கும். எந்த ஊர்க் கூலியை வைப்பது?

பட்டறை, இரவு 10.18

என் கூலியை வையுங்கள்.